படகு வாங்கியாச்சு... நிறுத்துறது எங்கே? ஒரே இரவில் சிதைந்த மெரினா சொல்லும் பாடம்!

மெரினா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மணலும் சுண்டலும்தான். ஆனால், படகு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார்கள். சொந்தப் படகை வாடகை கட்டி நிறுத்தி வைக்கும் சிறிய துறைமுகத்துக்குப் பெயர்தான் மெரினா. காருக்கு பார்க்கிங் மாதிரி, படகுக்கு மெரினா.

ஒரே ஒரு வித்தியாசம். காரை நிறுத்திவிட்டுப் போனால், கீழே இருக்கும் தரை ஆடாது. கடல் ஆடும். அதனால் படகு வாங்குவதை விட, அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய முடிவு. ஏன் என்பதற்கு பிரிட்டனில் ஒரு உதாரணம் இருக்கிறது.

ஹோலிஹெட்டில் நடந்தது என்ன?

வேல்ஸ் பகுதியில் இருக்கும் ஊர் ஹோலிஹெட். அயர்லாந்தின் டப்ளினுக்கு கப்பல் ஏறும் இடம். இங்குள்ள அலைத்தடுப்புச் சுவரின் நீளம் சுமார் 2.7 கி.மீ. பிரிட்டனிலேயே நீளமானது இதுதான். 1873-ல் கட்டி முடிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய சுவருக்குப் பின்னால் ஒரு மெரினா. இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்குமா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

2018 மார்ச் மாதத் தொடக்கத்தில் எம்மா புயல் வந்தது. ஒரே இரவில் மெரினாவின் மிதவை மேடைகள் துண்டு துண்டாகப் பிய்ந்தன. கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின. சுமார் 80 படகுகள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. மிதவைகளுக்குள் இருந்த தெர்மாகோல் உருண்டைகள் கடலிலும் கரையிலும் பரவி, அதைச் சுத்தம் செய்வதே தனி வேலையானது.

சுவர் இருந்தும் எப்படி?

காரணம், காற்றின் திசை. பிரிட்டனில் பலத்த காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கு பக்கமிருந்துதான் வரும். எம்மா புயலின்போது வீசியது வடகிழக்குக் காற்று. அந்தப் பக்கம் துறைமுகம் திறந்து கிடந்தது. சுவர் உடையவில்லை. சுவர் இல்லாத பக்கமாக அலை உள்ளே வந்துவிட்டது!

அதே ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி இத்தாலியின் ரப்பல்லோவில் நடந்தது வேறு கதை. அங்கே புயல் அலையில் அலைத்தடுப்புச் சுவரே உடைந்தது. உள்ளே நின்ற நூற்றுக்கணக்கான படகுகள் நாசமாகின. பல சொகுசுப் படகுகள் கரையில் குவிந்து கிடந்தன.

நஷ்டம் யாருக்கு?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். மாதா மாதம் வாடகை கட்டுகிறோம், ஏதாவது ஆனால் மெரினா பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பார்கள். ஹோலிஹெட்டில் படகு உரிமையாளர்கள் இழப்பீடு கேட்டபோது, சட்டப்படி தங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு என்று மெரினா தரப்பு வாதிட்டது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது.

காப்பீட்டிலும் கவனம் தேவை. கரீபியன் பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன். அந்த மாதங்களில் படகு எங்கே நிற்க வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். இடம் மாறினால் பணம் வராமல் போகலாம்.

இந்தியாவில் என்ன நிலைமை?

நீளமான கடற்கரை இருந்தும் நம் நாட்டில் மெரினாக்கள் மிகக் குறைவு. கொச்சியில் போல்காட்டி தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மெரினா இருக்கிறது. கடலைப் பார்த்தபடி இல்லாமல் உள்வாங்கிய நீர்ப்பரப்பில் இருப்பது அதன் பலம். மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா எதிரே படகுகளை மிதவையில் கட்டி வைப்பார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் உல்லாசப் படகுகளைக் கரையேற்றுவது அங்கே வழக்கம். சென்னையில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப், துறைமுகத்துக்கு உள்ளேயே இயங்குகிறது. இங்கே பயம் வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் புயல்கள்.

ஆக, மும்பைக்குச் சரியான கணக்கு சென்னைக்கு ஒத்துவராது.

தேர்வு செய்யும்போது என்ன பார்க்கணும்?

* காற்று: வழக்கமான காற்றுக்கு மட்டும் பாதுகாப்பு போதாது. துறைமுகத்தின் திறந்த பக்கம் எது, அங்கிருந்து புயல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும்.

* ஆழம்: கடல் வற்றும் நேரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? சில மெரினாக்களில் நீர்மட்டம் ஏறும் நேரத்தில் மட்டுமே உள்ளே வெளியே போக முடியும்.

* கரையேற்றும் வசதி: புயல் எச்சரிக்கை வந்தால் படகைத் தூக்க கிரேன் உண்டா? எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் முன்னுரிமை யாருக்கு?

* கட்டணம்: பெரும்பாலும் படகின் நீளத்தை வைத்துத்தான் கணக்கு. மின்சாரம், தண்ணீர், கரையேற்றும் செலவு தனியா என்று பார்ப்பது நல்லது.

* தூரம்: வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம் என்றால், படகு கட்டிப்போட்ட இடத்திலேயே கிடக்கும். கயிறு தேய்ந்தாலும் தெரியாது.

பணக்காரர்கள் பிரச்னை மட்டுமா?

இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நாகை, தஞ்சை, புதுக்கோட்டை கடற்கரையில் ஏராளமான மீன்பிடிப் படகுகள் சேதமடைந்தன. உல்லாசப் படகு போனால் ஒருவரின் பொழுதுபோக்கு போகும். மீன்பிடிப் படகு போனால் ஒரு குடும்பத்தின் சோறு போகும். வித்தியாசம் என்னவென்றால், மெரினாவைத் தேர்ந்தெடுக்க முடியும். தன் ஊர்க் கரையைத் தேர்ந்தெடுக்கும் வசதி மீனவருக்கு இல்லை. அவருக்காக அந்தக் கணக்கைப் போட வேண்டியது, துறைமுகம் கட்டும் அரசுதான்.