ஏடு அறுக்கும் தர்மம்

மத்தியகால ஐரோப்பாவின் பிரார்த்தனைப் புத்தகங்களை ஏடு ஏடாக அறுத்து விற்பவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. முழுப் புத்தகம் ஒரு சீமான் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். அறுத்துவிட்டால் ஆயிரம் சாமானியர்கள் ஆளுக்கொரு ஏடு வைத்துக் கொள்ளலாமாம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துக் கலையாசிரியர் ஓட்டோ எகீ 1938-இல் ஒரு கட்டுரை எழுதி, தாம் புத்தகம் அழிப்பவர்தான் என்று தலைப்பிலேயே பெருமையோடு சொல்லிக் கொண்டார். கசாப்புக் கடையில் ஜீவகாருண்யப் பிரசங்கம் கேட்டதுபோல் இருக்கிறது எனக்கு.

சித்திரம் வெறும் அலங்காரம், அலங்காரம் பிரித்தெடுக்கக் கூடியது என்ற நினைப்புத்தான் இதற்கெல்லாம் வேர். அது சுத்தத் தவறு. ஜெபவேளைப் புத்தகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நாளுக்கு எட்டு வேளை ஜெபம். வேளைக்கு ஒரு சித்திரம். முதல் வேளைக்குக் கபிரியேல் தூதர் தேவமாதாவுக்குச் சொன்ன மங்கள வார்த்தை. விடியலில் இயேசுவின் பிறப்பு. மாலையில், பெரும்பாலும், எகிப்துக்குத் தப்பியோடும் காட்சி. இரவில் மாதா முடிசூடல். படத்தைப் பார்த்தே பக்கத்தைக் கண்டுபிடிப்பார்கள். அந்த மாலைச் சித்திரத்தை அறுத்தெடுத்தால் போவது ஒரு படமா? அந்தப் புத்தகத்தின் சாயங்காலமே போய்விடுகிறது. முன்னால் உள்ள நாட்காட்டியும் அப்படித்தான். ஜெனவீவ் அம்மாள் திருநாள் பொன்னெழுத்தில் இருந்தால், புத்தகம் பாரிஸ்காரருக்காக எழுதப்பட்டது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். நாட்காட்டி ஒரு வீட்டுக்கும் சித்திரம் ஒரு வீட்டுக்கும் போனபின் ஊகிக்க என்ன இருக்கிறது?

பொன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுதைபோல் ஒரு பூச்சை மேடாக வைத்து, அதன்மேல் தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப்பல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஏட்டைப் புரட்டும்போது அது பளிச்சென்று மின்னி அடங்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினால் ஏடு அசையாது. பொன்னும் செத்துப் போகும்.

காந்தியடிகளின் மனத்தை மாற்றிய நூலை எழுதிய ரஸ்கினே இப்படிப்பட்ட புத்தகம் ஒன்றை அறுத்ததை 1854-இல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மகான் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா?

ஒற்றை ஏட்டைப் பார்த்து மனம் இளகிய மாணவன் ஒருவன்கூட இல்லையா என்று கேட்பார்கள். இருந்திருப்பான். ஆனால் எகீ பல கைப்பிரதிகளிலிருந்து ஐம்பது ஏடுகளைப் பொறுக்கிச் சேர்த்த நாற்பது பெட்டிகளில் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்தது நூலகங்களுக்கு. ஏழை எங்கே வந்தான் இதில்? சில்லறையாக விற்றால் மொத்த விலையைவிட அதிகம் கிடைக்கும் என்ற வியாபாரக் கணக்குத்தான் வந்தது.

பிரான்ஸில் 13-ஆம் நூற்றாண்டின் முடிவில் எழுதிய பொவே பூசைப் புத்தகத்துக்கு 309 ஏடுகள். பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டிடம் இருந்தவரை முழுசாக இருந்தது; 1942-இல் விலைபோனதும் கத்தி பட்டது. லீசா ஃபேகன் டேவிஸ் என்ற அறிஞர் பல வருஷமாக ஒவ்வோர் ஏடாகத் தேடி நூற்றுக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார். அவர் ஒரு பக்கம் கோத்துக்கொண்டிருக்க, ஏலக்காரர்கள் இன்றும் வேறு புத்தகங்களின் ஏடுகளை உதிரி உதிரியாகக் கூவிக்கொண்டிருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.