பெயர் நீங்கியது, வேலை நீங்கவில்லை

அண்மையில் பக்கத்துத் தோட்டத்தில் நடைபெற்ற ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தோம். பந்திக்கு அழைக்கும் வரை பந்தலில் அமர்ந்திருந்த ஆண்மக்களிடையே வழக்கமான பேச்சு எழுந்தது. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதால்தான் குடும்பங்கள் கெட்டன என்று ஒருவர் தொடங்கினார். பிள்ளைகள் கட்டுக்கடங்காமல் திரிவதற்கும் அதுவே காரணமென்று மற்றொருவர் ஒத்தூதினார். பட்டணத்திலிருந்து வந்திருந்த படித்த அன்பர் ஒருவரோ தீர்ப்பே வழங்கிவிட்டார். “அமெரிக்காவைப் பாருங்கள். யுத்த காலத்தில் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். யுத்தம் முடிந்தது; புருஷர்கள் திரும்பி வந்தார்கள்; பெண்களும் தாமாகவே மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதுதான் இயற்கை” என்றார். கூடியிருந்தோர் தலையசைத்தனர். அதே வேளையில் பந்தலின் பின்புறத்தில், முந்நூறு பேருக்குச் சமைத்த பாத்திரங்களைப் பெண்கள் துலக்கிக்கொண்டிருந்தனர்.

அன்பர் கூறியது பொய். அவர் அறிந்தே பொய் கூறினாரென்று நாம் சொல்லவில்லை. பல்லாண்டுகளாகப் பலர் சொல்லக் கேட்டதை அவரும் நம்பித் திருப்பிச் சொன்னார். ஆயினும் அந்தப் பொய் நமது வீடுகளிலும் நமது தோட்டங்களிலும் நாள்தோறும் தீங்கு செய்துவருவதால், அதனை மறுத்து எழுதுவது நமது கடமையாகிறது.

மூன்று கட்டளைகள்

முதலில் அந்த ‘இயற்கை’யைச் சற்று ஆராய்வோம். 1930ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் வியாபார மந்தம் பரவி, அமெரிக்காவில் வேலையின்மை தலைவிரித்தாடியது. 1932இல் அந்நாட்டுச் சர்க்கார் இயற்றிய சிக்கனச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கணவனும் மனைவியும் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பின், ஆள் குறைக்கும் காலத்தில் அத்தகைய தம்பதிகளில் ஒருவரை முதலில் நீக்கவேண்டும் என்பதே அது. மனைவியையே நீக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆயினும் வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மனைவியரே. 1937இல்தான் அப்பிரிவு நீக்கப்பட்டது. பல ஊர்களின் பள்ளி நிர்வாகங்கள் மணமான பெண்ணை ஆசிரியையாக ஏற்கவும் மறுத்தன. மணமான பெண்ணுக்கு வேலை ஆகாது. இது முதற் கட்டளை.

1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. ஆண்கள் இலட்சக்கணக்கில் படைக்குச் சென்றனர். உடனே பழைய கட்டளை மறைந்தது. வேலைக்கு வராத பெண்ணே தேசபக்தி இல்லாதவள் என்னும்படி சுவரொட்டிகளும் வானொலியும் முழங்கின. 1940இல் 1 கோடியே 20 இலட்சமாக இருந்த உழைக்கும் பெண்களின் தொகை 1945இல் ஏறக்குறைய 1 கோடியே 90 இலட்சமாயிற்று. ஆகாய விமானத் தொழிலில் மட்டும் 1943இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தனர். இரும்புத் தகடுகளை ஆணியறைந்து பூட்டும் ‘ரோஸி’ என்னும் பெண்ணைப் பாட்டில் பாடினர். அதே ஆண்டு ஓவியர் நார்மன் ராக்வெல் அவளை ஒரு பத்திரிகையின் அட்டையில் தீட்டினார். பெண்ணின் கைக்கு இரும்பு பொருந்தும். இது இரண்டாவது கட்டளை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பெண்ணுக்குரிய இடம் வீடே என்ற மூன்றாவது கட்டளை பிறந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒருத்தியின் இயற்கை மூன்று முறை மாறுமா என்று கேட்கிறோம். மாறியது பெண்ணின் இயற்கையன்று. அவளை வேலைக்கு வைத்திருந்தோரின் தேவையே மாறியது.

தாமாகவே போனார்களா?

யுத்தம் முடிவதற்குள்ளேயே அமெரிக்கத் தொழில் இலாகாவின் பெண்கள் பிரிவு, யுத்தப் பொருள்கள் உற்பத்தியான பத்து வட்டாரங்களில் உழைத்த பெண்களை விசாரித்தது. யுத்தத்திற்குப் பின்னும் வேலை செய்ய விரும்புகிறோம் என்று நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் விடையளித்தனர். குடும்பத்தைத் தாங்க அந்தக் கூலி வேண்டும் என்பதே அவர்களிற் பெரும்பாலோர் கூறிய காரணம். இவர்களா தாமாகவே மகிழ்ந்து போனவர்கள்?

எதிர்க்கட்சியாரின் நியாயத்தையும் மறைக்காமல் கூறுவோம். சமாதானம் வந்தபின் போர் விமானத்துக்கும் போர்க் கப்பலுக்கும் தேவை குறைந்தது. அத்தொழில்களில் ஆண்களும் வேலை இழந்தனர். படையிலிருந்து திரும்பிய வீரருக்கு அவர் விட்டுச் சென்ற வேலையைத் திரும்பக் கொடுக்க 1940ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. உயிரைப் பணயம் வைத்தவருக்கு அது நியாயமே. ஆனால் அதே ஆலைகள் மோட்டார் வண்டியும் குளிர்ப்பெட்டியும் செய்வதற்கு மறுபடியும் ஆள் எடுத்தபோது, நான்கு ஆண்டு அனுபவம் பெற்ற பெண்களைக் கூப்பிடவில்லை. முன்பின் பயிற்சியில்லாத ஆண்களையும் சேர்த்துக்கொண்டனர். இதற்கு எந்தச் சட்டம் ஆணையிட்டது?

வேலை தேடி வந்த பெண்களுக்குக் கிடைத்தவை சலவைச்சாலை, உணவுக்கடை, துணிக்கடை, தட்டெழுத்து, பிறர் வீட்டுச் சமையல் ஆகியவையே. மேற்குக் கரைக் கப்பல் தளத்தில் இரும்பு ஒட்டுவோருக்கு மணிக்கு ஒரு டாலருக்கு மேல் கூலி. அதே பெண் பிறர் வீட்டில் தரை துடைக்கப் போனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவளைக் காக்கவில்லை. 1938இல் வந்த அச்சட்டம் வீட்டு வேலைக்காரியை 1974 வரை தொடவேயில்லை.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். யுத்தகாலத்தில் ஆலையில் உழைத்த பெண்களிற் பலர் அதற்கு முன் வீட்டில் சும்மா இருந்தவரல்லர். குறைந்த கூலிக்கு வேறெங்கோ உழைத்தவர்களே. யுத்தம் அவர்களை நல்ல கூலிக்கு மாற்றியது. சமாதானம் அவர்களைப் பழைய கூலிக்குத் திருப்பியனுப்பியது. கருப்பினப் பெண்களின் கதை இதற்குக் கண்கண்ட சாட்சி. 1940இல் உழைத்த கருப்பினப் பெண்களில் நூற்றுக்கு அறுபது பேர் பிறர் வீட்டு வேலைக்காரிகள். ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்னும் தொழிற்சங்கத் தலைவர் தலைநகரை நோக்கிப் பெரும் ஊர்வலம் நடத்துவோமென்று எச்சரித்த பிறகே, யுத்தத் தொழில்களில் நிறவேற்றுமை கூடாதென்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1941இல் உத்தரவிட்டார். அவ்வழியே ஆலைக்குள் நுழைந்தவர்களே யுத்தம் முடிந்ததும் முதலில் வெளியே தள்ளப்பட்டவர்களுள் இருந்தனர். பலருக்குப் பழைய எஜமானியின் சமையற்கட்டே மிஞ்சியது. யார் எந்த வேலைக்குப் பிறந்தவர் என்று பிறப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம்மவர் அறியாததன்று.

அப்படியாவது பெண்கள் வீட்டில் அடங்கினரா? 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே, யுத்தத்தின் உச்சத்தில் உழைத்ததைவிட அதிகமான மணமான பெண்கள் அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்தனர். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, விலைவாசி ஆகியவை அவர்களை அழைத்துக்கொண்டே இருந்தன. சம வேலைக்குச் சம கூலி என்ற மசோதா 1945இல் அந்நாட்டுக் காங்கிரசுக்கு வந்து நிறைவேறாமற் போயிற்று; சட்டம் 1963இல்தான் பிறந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் பெண்கள் உழைத்தார்கள், குறைந்த கூலிக்கு.

தொட்டில் யார் பொறுப்பு?

“குழந்தையை யார் பார்ப்பது?” என்ற கேள்வியே நம்மவரின் கடைசிக் கோட்டை. அமெரிக்காவில் அதற்கும் விடை கண்டிருந்தனர். ஒரிகன் மாகாணத்துப் போர்ட்லாந்து நகரில் ஹென்றி கைசர் நடத்திய கப்பல் தளங்களில், 1943இல் இரண்டு குழந்தைக் காப்பகங்கள் திறக்கப்பட்டன. தளத்தின் வாயிலருகிலேயே கட்டப்பட்ட அவை இரவும் பகலும் இயங்கின. வேலை முடிந்த தாய் குழந்தையை அழைத்துச் செல்கையில், சமைத்த உணவையும் விலைக்கு வாங்கிச் செல்லலாம். நாடெங்கிலும் சர்க்கார் பணத்தில் நடந்த காப்பகங்களில் யுத்தகாலத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் வளர்ந்தனர்.

போர்ட்லாந்துக் காப்பகங்கள் 1945இல் மூடப்பட்டன. தாய்மார் மனு மேல் மனு அனுப்பியும், சர்க்கார் பணம் 1946 பிப்ரவரியோடு நின்றது. கலிபோர்னியா மாகாணம் தன் சொந்தப் பணம் இட்டுத் தொடர்ந்து நடத்தியதால், மனமிருந்தால் முடியும் என்பதும் விளங்கிற்று. குழந்தையைப் பார் என்று தாயை அனுப்பியவர்களே குழந்தையைப் பார்த்துக்கொண்ட இடத்தையும் பூட்டினர். அதன் பின்னும் வேலைக்குப் போயே தீரவேண்டிய தாய் பாட்டியையும் பக்கத்து வீட்டையும் நாடினாள். எட்டு மணி நேர உழைப்புக்குப் பின் சமையலும் துணியும் அவளுக்காகவே காத்திருந்தன. குடும்பத்தைக் கெடுத்தது பெண்ணின் வேலையா, அவ்வேலைக்குத் துணை நின்றதைப் பறித்ததா?

நமது செக்ரோல்

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரம் ரப்பர்ச் சக்கரங்களுக்குப் பெயர்பெற்றது. மலாயாவில் நம் பாட்டிமார் சீவியெடுத்த பால் அத்தகைய ஆலைகளுக்கே கப்பலேறியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் அவ்வழி அடைபட்டது. அங்கே பெண்கள் ஆலைகளில் விமானம் பூட்டிய அதே நாள்களில், இங்கே நம் ஆண்கள் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டனர். தோட்டத்தில் எஞ்சிய பெண்கள் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காத்தனர். போனவர்களிற் பலர் திரும்பவேயில்லை. அந்தக் குடும்பங்களில் பெண்ணைப் பார்த்து வீட்டுக்குப் போ என்று சொல்ல ஆளே இல்லை.

நம் பெண்கள் என்றுதான் வேலை செய்யவில்லை? 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் சர்க்கார் வகுத்த நிலைக்கூலி, போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண் சீவினாள் என்று மரம் பால் குறைத்ததில்லை. குடும்பத்தைத் தாங்குபவன் ஆண், அவள் கூலி உபரி என்ற சமாதானமே அங்கும் இங்கும் சொல்லப்பட்டது.

இன்று ரப்பர் மரங்கள் போன பல இடங்களில் செம்பனை நிற்கிறது. தோட்டத்தில் பிறந்த பெண்களிற் பலர் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து ஏறுகின்றனர். தோட்டத்தில் எஞ்சியோர் மருந்து தெளிக்கின்றனர். உதிர்ந்த பழம் பொறுக்குகின்றனர். நாம் ஒரு தோட்டத்துக் கிராணி. வேலையாளின் பெயரும் நாளும் ஏறும் செக்ரோல் நமது மேசைமேல் இருக்கிறது. ஆகவே பிறரைக் குற்றம் சாட்டுமுன் நமது குற்றத்தையும் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாள் அலுவலகத்துக்கு வந்து நம்முன் நின்றார். “ஐயா, எங்கள் வீட்டுக்காரர் வேற்றூருக்குப் போய்விட்டார், இனி வரமாட்டாராம். நான் பதினெட்டு வருஷமாக இங்கே பழம் பொறுக்கினேன். என் பெயரில் சேமநிதி எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். கணவர் குலை வெட்ட, பின்னாலேயே குனிந்து, உதிர்ந்த பழங்களைச் சாக்கில் நிரப்பியவர் அவர். இருவர் உழைப்பும் கணவர் பெயரில் ஒரே வரியாக ஏறியது. அவ்வரியைக் கடைசி ஆறு ஆண்டுகள் எழுதியது நமது கை. அம்மாளை நாள்தோறும் வயலில் கண்டிருந்தும் அவர் பெயரை எழுதவேண்டுமென்று நமக்குத் தோன்றவேயில்லை. ஏட்டைப் புரட்டுவதுபோற் பாவனை செய்தோம். “உங்கள் பெயர் இல்லை, அம்மா” என்றோம். அவர் அழவில்லை. “அப்படியானால் நான் வேலையே செய்யவில்லையா, ஐயா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு, பழம் பொறுக்கும் மனைவியரைத் தனித் தொழிலாளராகப் பதியவேண்டுமென்று நிர்வாகியிடம் எழுதிக் கேட்டோம். மனைவி கணவனுக்கு உதவுவது வேலையாகுமா என்று விடை வந்தது. அதில் நமக்கு வியப்பில்லை. குலை வெட்டும் தோழர்களிடமே கேட்டபோது, அவர்களிற் பலரும் அதே விடையைச் சொன்னார்கள் என்பதுதான் நம்மை வெட்கித் தலைகுனியச் செய்தது. முதலாளி கூறினால் அநீதி, நாம் கூறினால் குடும்ப வழக்கமா?

ஆலைக்குப் போகும் பெண்ணுக்குப் பட்டியலில் பெயருண்டு. ஆனால் அவள் வங்கி அட்டை பல வீடுகளில் கணவனின் சட்டைப்பையில் கிடக்கிறது. பத்து மணி நேரம் நின்று உழைத்துத் திரும்பியவள் அடுப்பு மூட்ட, அதே நேரம் வீடு திரும்பியவன் நாற்காலி தேடுகிறான். இவனே மறுநாள் பந்தலில் அமர்ந்து, பெண்கள் வேலைக்குப் போய்க் குடும்பம் கெட்டதென்று பேசுகிறான்!

தோழர்களே! வேலைக்குப் போகலாமா கூடாதா என்று பெண்ணைப் பார்த்துக் கேட்பதை விட்டுவிடுங்கள். அவள் போய் நூறாண்டு ஆகிறது. அவள் உழைப்பு அவள் பெயரில் ஏறுகிறதா, கூலி அவள் கைக்குச் சேர்கிறதா, அவள் வேலைக்குப் போயிருக்கும்போது குழந்தை எங்கே இருக்கிறது, அவள் திரும்பும்போது சோறு வெந்திருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சட்டமும் வேண்டாம், சங்கமும் வேண்டாம். உங்கள் இரு கைகள் போதும். முதற் கேள்விக்கு, குலை வெட்டும் ஒவ்வொருவரும் இந்த மாதமே அலுவலகம் சென்று, “என் மனைவியின் பெயரையும் எழுதுங்கள்” என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் மறுப்பார்கள். ஒரு தோட்டமே கேட்டால் மறுக்க இயலாது. எழுதவேண்டிய கிராணிமாரும் இனிமேல் நாம் செய்ததுபோல் கண்மூடியிருக்கலாகாது. அந்த அம்மாளின் கேள்வி நமது மேசைமேல் இன்னும் கிடக்கிறது.