சூத்திரத் தாள் இயற்பியல் அன்று

பிரேசர் டவுனின் மாஸ்க் ரோடு, கோல்ஸ் ரோடு வட்டாரத்தில் பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவருக்கு இயக்கவியல் பெரும்பாலும் ஒரு பக்கச் சூத்திரத் தாளாகவே அறிமுகமாகிறது. எந்தச் சூத்திரம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்ற வரி அந்தத் தாளில் இருப்பதில்லை. சூத்திரத்தின் உயிரோ அந்த வரியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். தரையில் 10 கிலோகிராம் பெட்டி அசையாமல் இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.5, புவியீர்ப்பு முடுக்கம் 10 எனக் கொள்வோம். பெட்டியை 20 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு எவ்வளவு? குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி, 50 என்று விடை வரும். அது சரியென்றால், தள்ளியவரை நோக்கியே பெட்டி 30 நியூட்டன் நிகர விசையோடு பாய்ந்து வர வேண்டும்! உண்மையில் 50 என்பது உராய்வின் உச்சவரம்பு. பெட்டி நகராத வரை உராய்வு 20 நியூட்டன்தான். சமக்குறியைக் கற்பித்தவர்கள், அங்கே இருக்க வேண்டியது "மிகாது" என்ற குறி என்பதைச் சொல்லவில்லை.

இயக்கச் சமன்பாடுகள் மூன்றின் கதியும் இதுவே. முடுக்கம் மாறாதிருந்தால் மட்டுமே அவை பொருந்தும். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் கணநேரம் நிற்கும்போது அதன் முடுக்கம் என்ன என்று கேட்டால், மூன்றையும் ஒப்பிக்கும் மாணவரே "சுழியம்" என்கிறார்.

"நீட் தேர்வில் 180 நிமிடத்துக்கு 180 கேள்விகள், கருத்தை விளக்க நேரமேது?" என்பது வழக்கமான சமாதானம். நேரம் குறைவு என்பதே எதிர்வாதமும் ஆகும். விசைப்படம் வரையப் பழகியவர் பெட்டிக் கணக்கை அரை நிமிடத்தில் முடிப்பார். தாளை நம்பியவர் அதே அரை நிமிடத்தில் தவறுவார். 1998இல் ரிச்சர்டு ஹேக் அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவைத் தொகுத்தார். வழக்கமான விரிவுரை வகுப்புகளில், எட்டியிருக்கக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 விழுக்காடே கிட்டியது. மாணவர் விவாதித்துக் கற்ற வகுப்புகளில் அது 48 விழுக்காடு.

பிரேசர் டவுனின் தமிழ் வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. "குழாயில் தண்ணி ஃபோர்ஸா வருது" என்று வீட்டில் பேசும் பிள்ளை, ஓடும் பொருளுக்குள் விசை குடியிருக்கிறது என்றே நம்பி வகுப்புக்கு வருகிறது. அங்கே குறிக்கப்படுவது விசை அன்று. வேகம், அல்லது உந்தம். கடையில் "எடை" எனப்படுவது பாடநூலில் "நிறை". இந்த முடிச்சை அவிழ்க்காமல் ஆங்கிலத்தில் சூத்திரத்தை மட்டும் ஒப்படைத்தால், பழைய நம்பிக்கையின்மேல் புதிய குறியீடு பூசப்படுகிறது, அவ்வளவே. வசதியுள்ளவர் தனிப்பயிற்சியால் தப்பிக்கலாம். தாள் ஒன்றே வாய்த்த மாணவர், தமக்கு இயற்பியல் வராது என்று முடிவுகட்டி விலகுகிறார். வராமற்போனது அவருக்கு அன்று, கற்பித்தவருக்கு.

தீர்வுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சூத்திரம் ஒவ்வொன்றின் கீழும் அதன் நிபந்தனையை எழுதுங்கள். கணக்குக்கு முன் விசைப்படம் கேளுங்கள். விடை வந்தபின், "பெட்டி எந்தப் பக்கம் நகரும்?" என்று ஒரு முறை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு இடமில்லாத வகுப்பை இயற்பியல் வகுப்பு என்று அழைப்பதை நிறுத்துவோம்.