அபாயச் சங்கு ஊதினால் வயலில் இருப்பவருக்குக் கேட்குமா?

விவசாயிகளே, வடகிழக்குப் பருவமழை என்றாலே செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்துக்குப் புயல் பயமும் சேர்ந்தே வரும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. அப்படி ஒரு ராத்திரியில் கரண்டும் செல்போன் சிக்னலும் போய்விட்டால், தூங்குகிறவரை எழுப்புவது யார்? அதற்குத்தான் அபாயச் சங்கு.

ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2018ல் ஆறு கடலோர மாவட்டங்களில் 122 சைரன் கோபுரங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. 2019ல் ஃபானி புயலுக்கு முன் 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு நூறைத் தாண்டவில்லை. இது சங்கால் மட்டும் நடந்ததல்ல. போய்த் தங்கப் பாதுகாப்பு மையமும், வீடு வீடாகக் கூப்பிட ஆட்களும் தயாராக இருந்தார்கள்.

சங்குக்கு எல்லை உண்டு. அமெரிக்காவில் சூறாவளிச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்காக வைக்கப்படுவது. வீட்டுக்குள் கேட்கும் என்று அங்கே யாரும் உறுதி சொல்வதில்லை. கடற்கரையில் ஊதும் சங்கு மழை இரைச்சலில் செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்து உள்கிராமங்களுக்கு எட்டும் என்று நம்பி இருக்க முடியாது.

இன்னொன்று, சங்கு காரணம் சொல்லாது. புயல், வெள்ளம் என்றால் மேட்டுக்கோ மையத்துக்கோ போக வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலைய அவசரம் என்றால், வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். எனவே சத்தம் கேட்டதும் ஓடாமல், முதலில் விவரம் கேளுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை:

1. செல்போனில் டிஎன் அலர்ட் செயலியைப் போடுங்கள். பேட்டரி ரேடியோ ஒன்று வைத்திருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

2. சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம். உரமிடுவது, மருந்தடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். சம்பா வயலில் வடிகாலைத் திறந்துவிடுங்கள். வாழைக்கு முட்டுக் கொடுங்கள்.

3. மாடுகளை மரத்தடியில் கட்டாதீர்கள். பம்ப்செட் மெயினை முன்னதாகவே அணைத்துவிடுங்கள். ஈரக்கையோடு தொட வேண்டாம்.

4. காப்பீடு செய்திருந்து, அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் புயல் மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் 14447க்குச் சொல்லுங்கள். அறுவடையிலிருந்து 14 நாள் வரைதான் இந்தப் பாதுகாப்பு.

தண்டோரா போடும் வழக்கத்தை 2022ல் அரசு நிறுத்தச் சொன்னது; இனி ஒலிபெருக்கி வண்டிதான். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நம் ஊருக்குச் சங்கு கேட்குமா? கேட்காத தெருவுக்கும் கழனி வீட்டுக்கும் யார் போய்ச் சொல்வது? அந்த ஆளின் பெயர் மழைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.