கம்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள்

சென்ற மாதம் ஒரு நூல் வெளியீட்டில் பேச்சாளர் உணர்ச்சிவசப்பட்டார். "பொறம்போக்குல கெடந்த நம்ம சனங்க இன்னிக்கு மாடி வீட்ல இருக்காங்க. இன்னும் என்ன வேணும்?" கைத்தட்டல். எனக்கு என் அத்தையின் ஞாபகம் வந்தது.

தோட்டம் கைமாறியதும் நகரத்துக்கு வந்து ஆற்றோரப் புறம்போக்கில் பலகை வீடு போட்டவர் அவர். மழை வந்தால் கட்டிலுக்கு மேல் கட்டில். அந்த வாழ்க்கையை நான் கொண்டாடவில்லை. அதைச் செய்ய நம்மிடம் போதுமான கவிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாசலில் தோசை சுட்டு விற்றுத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இப்போது 14ஆவது மாடி. "வீடு இருக்குடா, வாசல்தான் இல்ல. தோச வாங்க எவன் லிப்ட் ஏறி வருவான்? அதுவும் ஓடுனாத்தானே!"

2005க்குள் புறம்போக்கு வீடுகளே இல்லாத மாநிலமாவது சிலாங்கூரின் இலக்காக இருந்தது. எண்ணப்பட்டது வீடுகள்தான், வருமானம் அல்ல. கோலாலம்பூரிலும் கம்பத்தை அப்படியே செங்குத்தாகத் தூக்கி நிறுத்தினோம். அங்கே 17 மலிவுவிலை அடுக்குமாடிகளில் யூனிசெஃப் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. உலகமே அண்ணாந்து பார்க்கும் கோபுரங்கள் உள்ள ஊரில்! அப்போது நாட்டின் வறுமை விகிதம் அரசாங்கக் கணக்கில் வெறும் 0.4. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019இல் வந்து அதைக் கேள்வி கேட்டார். அரசாங்கம் மறுத்தது. மறு ஆண்டே வறுமைக் கோடு 980 ரிங்கிட்டிலிருந்து 2,208க்கு உயர, விகிதம் 5.6 ஆனது. ஒரே இரவில் யாரும் ஏழையாகிவிடவில்லை.

மாத வாடகை 124 ரிங்கிட் என்பது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டோடு சேர்ந்து பிழைப்பும் பக்கத்து வீட்டு உறவும் இடம்பெயர வேண்டாமா? தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டத்தில் குடியிருப்பாளர்களே சேமிப்புக் குழுவாகிறார்கள். நிலத்துக்குப் பேரம் பேசி, அரசுக் கடனும் மானியமும் வாங்கி, முடிந்தவரை இருந்த இடத்திலேயோ அருகிலேயோ கட்டிக்கொள்கிறார்கள். சேமிக்கவே வழியில்லாதவன் அங்கேயும் விடுபடுகிறான். இருந்தாலும், வாசல் எங்கே வேண்டும் என்று அங்கே குடியிருப்பவனிடம் கேட்கிறார்கள்.

நம் இயக்கங்கள் என்ன செய்கின்றன? பிளாட்டின் கீழே பந்தல் போட்டுத் தன்முனைப்பு முகாம் நடத்துகின்றன. குடிக்காதே, கேங்கில் சேராதே, பெரிய கனவு காண். பிறகு மீகூன் பொட்டலம், குழுப்படம். பழுதான லிப்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாம் எழுத்தாளர்களும் யோக்கியமில்லை. தோட்டத்து லாரி நகரத்தில் நுழைந்ததும் நம் கதைகள் முடிந்துவிடுகின்றன.

அத்தையின் பிளாட்டில் தரைத்தளக் கடைகள் இரண்டு வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. காலையில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றைக் கேட்டு அவருக்காக மூன்று கடிதங்கள் எழுதிக் கொடுத்தேன், நல்ல மலாயிலேயே. பதில் இல்லை. நாலாவதில் அதே மாடியில் இருக்கும் இன்னும் ஏழு பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை நேரில் கொண்டு போகிறோம்.