ஆங்கில மறைநூலில் ஒரு சொற்போர்

ஒரு மொழிச் சொல்லை நீக்கிவிட்டு, அவ்விடத்தே மற்றொரு மொழிச் சொல்லை வைப்பதே மொழிபெயர்ப்பு என எண்ணுவோர் பலர். எச்சொல்லை வைப்பது, எவர்க்கு விளங்குமாறு வைப்பது என்னும் வினாக்களில் ஓர் ஆட்சியே அடங்கிக் கிடப்பதை அவர் அறியார். ஆங்கில விவிலியத்தின் பல்வேறு மொழிபெயர்ப்புகளையும் ஒப்புநோக்குவார்க்கு இவ்வுண்மை தெற்றென விளங்கும்.

1526-இல் வில்லியம் திண்டேல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தினின்று நேரே ஆங்கிலமாக்கி, செருமனியின் வோர்ம்சு நகரில் அச்சிட்டார். 'அகாப்பே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு, உழவனும் அறிந்த 'லவ்' என்னும் சொல்லை ஆண்டார். சமயக் குரவரைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்ட மற்றொரு சொல்லை, 1534-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'எல்டர்', அஃதாவது மூத்தோர், என்றே பெயர்த்தார். சொல் எளியது, விளைவோ பெரிது! குரவர் வெறும் மூத்தோர் எனின் அவர்தம் தனியுரிமை என்னாவது? தாமசு மோர் அச்சொற்களைக் கடிந்து நூலே எழுதினார். 1536-இல் திண்டேல் பிரசல்சு அருகே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

ஆயினும் போர் ஓயவில்லை. 1542-இல் கார்டினர் என்னும் ஆயர், ஏறத்தாழ நூறு இலத்தீன் சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்காமல் அவ்வாறே வைத்தல் வேண்டும் என்றார். அவற்றின் பெருமிதம் ஆங்கிலத்திற்கு வாராதாம்!

இதற்கு நேர்மாறாக நின்றவர், கேம்பிரிட்சின் கிரேக்கப் பேராசிரியரும் ஆறாம் எட்வர்டு மன்னனின் ஆசிரியருமான சான் சீக்கு. 1550-ஐ ஒட்டி மத்தேயு நற்செய்தியைப் பெயர்த்த அவர், நூறு வீரர்க்குத் தலைவனைக் குறிக்க 'நூறு' என்னும் ஆங்கிலச் சொல்லினின்றே ஒரு பெயர் படைத்தார். உயிர்த்தெழுதலுக்கு 'மீண்டெழுதல்' என்னும் பொருள்பட ஒரு சொல் அமைத்தார். திருப்பித் தராது கடன் வாங்கிக்கொண்டே இருக்கும் மொழி ஒருநாள் நொடித்த குடும்பமாகிவிடும் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் பெயர்ப்பு 1843 வரை அச்சேறவே இல்லை. சுவடியில் உறங்கிய சொல் நாவில் எங்ஙனம் வாழும்?

1582-இல் இரீம்சு நகரினின்று கத்தோலிக்கரின் புதிய ஏற்பாடு வெளிவந்தது. மூலமாகக் கொண்டது இலத்தீன் பெயர்ப்பு. மத்தேயு நற்செய்தியின் இறைவேண்டலில் வரும் அன்றாட உணவு என்னும் எளிய தொடர், அதில் 'சூப்பர்சப்சுடான்சியல்' என்னும் அடைமொழி பெற்றது. பழகிய சொல் மறைபொருளைச் சுருக்கிவிடும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சத்தை முற்றும் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. ஆயின், பொதுமக்கட்குப் பழகாத சொற்கட்குப் பொருள் கூறும் பட்டியலொன்றை நூலின் இறுதியில் அவரே சேர்க்க நேர்ந்ததே! அப்பட்டியலினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?

1611-இல் சேம்சு மன்னன் பெயரால் வந்த பதிப்பு இடைவழி சென்றது. அதன் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் திண்டேல் சொற்களே என்று 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. எனினும், பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் 13-ஆம் பிரிவில், 'லவ்' இருந்த இடத்தில் இலத்தீன் வழிவந்த 'சாரிட்டி' அமர்ந்தது. நாளடைவில் ஆங்கில மக்கள் வழக்கில் அச்சொல் ஏழைக்கு ஈயும் காசாகச் சுருங்கிற்று. அன்பைப் பாட எழுந்த பகுதி, அறக்கொடையைப் பாடுவது போல் ஒலித்தது. 1881-இல் வெளியான திருத்தப் பதிப்பு 'லவ்' என்பதையே மீட்டது. 1966-இல் கத்தோலிக்கர் வெளியிட்ட எருசலேம் விவிலியமும் அச்சொல்லையே ஏற்றது.

எரியூட்டப்பட்டவரின் சொல், முந்நூற்று ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தன் இருக்கைக்குத் திரும்பியது. இரவற் சொல் பெருமிதத்தோடு வந்தது. பொருள் தேய்ந்து போயிற்று. இல்லத்துச் சொல் எளிமையோடு நின்றது. பொருள் குன்றாது வென்றது. மொழிப்பற்றுடையார் இதனோடு மற்றொன்றையும் உளங்கொள்ள வேண்டும். தூய சொற்களைப் படைத்த சீக்கு தோற்றார். மக்கள் நாவிலிருந்த சொற்களை எடுத்தாண்ட திண்டேல் வென்றார். சொல்லைப் படைப்பது பாதிப் பணியே. அதனை அச்சிலும் அவையிலும் அடுக்களையிலும் வழங்கச் செய்வதே எஞ்சிய பாதி.