சத்திரத்துக்கு வேலி போதாது

இங்கிலாந்தின் பழைய வழிவிடுதிகளைப் புகழ்வோர் நம்மிடையே உண்டு. லண்டன் சதக்கில் 1677இல் கட்டப்பெற்ற ஜார்ஜ் விடுதி, மர மாடித் தாழ்வாரங்களோடு இன்றும் நிற்கிறது. இன்றும் அங்கே மதுவும் உணவும் விற்கிறார்கள். அது நிற்பதற்கு அந்த வியாபாரமும் ஒரு காரணம் என்பேன்.

நம் மாவட்டத்துக் கடற்கரைச் சாலையின் கதை வேறு. இராமேசுவர யாத்திரிகருக்காகத் தஞ்சை மராட்டியர் மணமேல்குடியிலும் மீமிசலிலும் சத்திரம் வைத்தனர். அவர்தம் கட்டடக்கலையின் சிறப்பை அறிய, அண்டையிலுள்ள ஒரத்தநாடு செல்லலாம். இரண்டாம் சரபோஜி 1802இல் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் அங்கே, யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல நிற்கிறது. உள்ளே முற்றம், சுற்றிலும் தூண் தாழ்வாரம். வழிநடைக் களைப்பு தீர வேறென்ன வேண்டும்?

எல்லாச் சாதியாருக்கும் சோறு, நோயாளிக்கு வைத்தியர், கர்ப்பிணிக்குப் பராமரிப்பு எனச் சத்திரப் பணிகளை 1801இல் கும்பெனி ரெசிடெண்டுக்குச் சரபோஜி எழுதினார். சோறிட்டவர் காசு கேட்கவில்லை. பெருமை அதுவே, பலவீனமும் அதுவே. 1914இல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடியது. நடந்து வருவோர் அருகினர்.

ஆளில்லாத சத்திரத்துக்கு வேலியும் பலகையும் மட்டும் போட்டால் வௌவால்தான் குடியிருக்கும். எஞ்சியவற்றை நம் வரலாற்றுத் துறை மாணவர் முதலில் அளந்து வரையட்டும். பிறகு பழுது பார்த்து, தேர்வெழுத வெளியூரிலிருந்து வந்து பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடக்கும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். திண்ணையில் ஒரு விளக்கு எரிந்தால் போதும், படித்துக்கொள்வார்கள்.